45 பலகைகளில் ஒரு கடிதம்

சதுரங்கம் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் ஆட்டம் என்பது நாம் அறிந்ததே. ஆனால், ஒருவரே பலரை ஒரே நேரத்தில் எதிர்த்தாடும் காட்சி ஆட்டங்களும் உண்டு. எதிராளிகள் ஆளுக்கொரு பலகையுடன் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். விற்பன்னர் மேசை மேசையாக நடந்து, ஒரு காயை நகர்த்திவிட்டு அடுத்தவரிடம் போவார். அவர் சுற்றி வருவதற்குள் எதிராளி யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பலகைகளைப் பார்க்காமலே இப்படி ஆடுவோரும் இருக்கிறார்கள். எதிராளி நகர்த்திய காயை ஒருவர் வாயால் சொல்ல, இவர் மனக்கண்ணால் பார்த்துப் பதில் சொல்வார்.

1947 ஜனவரியில் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் மிகெல் நைடோர்ஃப் என்பவர் இவ்வாறு 45 பேருடன் ஆடினார். தொடக்கத்தில் மட்டும் 1,440 காய்கள்! அத்தனையையும் மனதில் வைத்து, 23 மணித்தியாலங்களுக்கு மேல் ஆடினார். 39 வெற்றி, 4 சமநிலை, 2 தோல்வி. 2011இல் ஜேர்மனியின் மார்க் லாங் 46 பேருடன் ஆடும் வரை இதுவே பொதுவாக ஏற்கப்பட்ட சாதனையாக இருந்தது.

இத்தனை பாடு எதற்காக? புகழுக்காகவா?

நைடோர்ஃப் போலந்து நாட்டு யூதர். 1939இல் தம் நாட்டு அணியுடன் ஆர்ஜென்டீனாவின் புவனோஸ் அயர்ஸ் நகருக்குச் சதுரங்க ஒலிம்பியாட் போட்டிக்காக வந்திருந்தார். போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 1ஆம் திகதி ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தன. அவர் திரும்பிப் போகவில்லை. மனைவி, குழந்தை, பெற்றோர், சகோதரர்கள் எல்லோரும் அங்கே. அவர்களின் கதி என்னவென்று தெரியவில்லை.

எவரும் செய்யாத ஒன்றைச் செய்தால் உலகப் பத்திரிகைகள் எழுதும். எங்கோ ஒரு மூலையில் உறவினர் ஒருவரின் கண்ணிலாவது அது படும். தாம் உயிரோடிருப்பதை அறிந்து தேடி வருவார்கள். இதுவே தமது நோக்கம் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அதற்கு முன்பே, 1943இல், ரொசாரியோ நகரில் 40 பேருடன் இவ்வாறு ஆடியிருந்தார்.

ஆனால், அவர் எதிர்பார்த்த பதில் வரவில்லை. மனைவியும் குழந்தையும் பெற்றோரும் சகோதரர்களும் நாஸிகளின் கொலைவெறிக்கு இரையாகிவிட்டிருந்தனர்.

நைடோர்ஃப் ஆர்ஜென்டீனாவின் பிரஜையாகி, அங்கேயே மறுபடியும் குடும்பம் அமைத்தார். முதுமையிலும் ஆட்டத்தைக் கைவிடாமலிருந்து, 1997இல் தமது 87ஆவது வயதில் காலமானார்.

தூரதேசம் போனவரிடமிருந்து ஒரு கடிதம் வரத் தாமதித்தாலே வீடு எப்படித் தவிக்கும் என்பதை நம்மில் பலர் அறிவோம். இங்கோ, தூரதேசத்தில் நின்றவர் வீட்டுக்குச் சேதி சொல்லத் தவித்தார். அந்த 45 பலகைகளும் அவர் எழுதிய ஒரே கடிதம்தான். வாசிக்கத்தான் வீட்டில் எவரும் இருக்கவில்லை.