டீசல் இல்லாமல் ஓடும் படகு!

மணவாள நகர் மக்களுக்கு மின்சார ரயில் புதிது அல்ல. பக்கத்தில் உள்ள திருவள்ளூர் நிலையத்தில் தினமும் பார்க்கிறார்கள். ரயில் மின்சாரத்தில் ஓடும். படகு ஓடுமா?

ஓடும்! கேரளாவில் ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

பெரியார் போராடிய வைக்கம் ஊரை நாம் அறிவோம். அங்கே வேம்பநாட்டு ஏரியைக் கடந்து அக்கரைக்குப் போக 2017-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு படகு விட்டார்கள். அதன் பெயர் "ஆதித்யா". 75 பேர் உட்காரலாம். கூரை முழுவதும் சூரிய ஒளித் தகடுகள். அவை தரும் மின்சாரம் பாட்டரியில் சேருகிறது. பாட்டரி மோட்டாரைச் சுழற்றுகிறது. புகை இல்லை; டீசல் நாற்றமும் இல்லை.

பழைய யோசனை

இது புத்தம் புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். குஸ்தாவ் துருவே என்ற பிரெஞ்சுக்காரர் 1881-ம் ஆண்டிலேயே ஒரு சிறு படகில் மின்சார மோட்டாரைப் பொருத்தினார். பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் அதை ஓட்டினார். அவர் பெயரால் வழங்கப்படும் பரிசு 2020-ல் ஆதித்யாவுக்குக் கிடைத்தது!

மாற்றுவது எப்படி?

ஆதித்யா புதிதாகக் கட்டிய படகு. நம்மிடம் உள்ள சிறு படகையும் மாற்றலாம். எஞ்சினையும் டீசல் தொட்டியையும் கழற்றிவிட்டு, மோட்டார், பாட்டரி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி ஆகிய மூன்றையும் பொருத்த வேண்டும்.

பாட்டரி கனமானது. அதைப் படகின் நடுவில், தாழ்வாக வைக்க வேண்டும். ஒரு பக்கமாக வைத்தால் படகு சாயும். உப்புத் தண்ணீர் படாமல் மூடிவைப்பதும் அவசியம்.

எவ்வளவு நேரம் ஓடும்? கணக்கு சுலபம். 2 கிலோவாட் மோட்டார் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் செலவாகும். 5 யூனிட் பாட்டரி இருந்தால் இரண்டரை மணி நேரம் ஓடும். ஆனால் எதிர்க்காற்று வீசினால் என்ன செய்வது? அதனால் 2 மணி நேரம் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு அதிசயம்! வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒரு மணி நேரச் செலவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். போய்ச் சேர இரண்டு மடங்கு நேரம் ஆகும். ஆனாலும் அதே தூரத்துக்குக் கால் பங்கு மின்சாரமே போதும்.

யாருக்கு லாபம்?

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. எஞ்சின் அதில் பெரும்பகுதியைச் சூடாக வீணாக்குகிறது என்பது உண்மை. ஆனால் 10 யூனிட் சேர்த்து வைக்கும் லித்தியம் பாட்டரி 60 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். விலையும் அதிகம். எனவே நெடுந்தூரம் கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்று டீசலே கை கொடுக்கும்.

குறுகிய தூரம் போய், அதே கரைக்குத் திரும்பும் படகுக்கு மின்சாரம் பொருத்தம். நமது திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரிக்குள்ளேயே போய் வரும் படகுகளை நினைத்துப் பாருங்கள். அவை தினமும் டீசல் வாங்க வேண்டாம். எண்ணெய் சிந்தி ஏரி நீர் கெடாது. இரவில் கரையில் மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் படகுக்காரர் ஒன்றை மறக்கக் கூடாது. நடு ஏரியில் பாட்டரி தீர்ந்தால், கேன் கொண்டுவந்து ஊற்ற முடியாது. ஆகவே முதலில் போகும் தூரத்தை அளக்க வேண்டும். மோட்டார் வாங்குவது அதற்குப் பிறகுதான். துடுப்பு எப்போதும் படகிலேயே இருக்கட்டும்!