ஏட்டில் ஏறாத ஆட்டம்

மாலை வேளையில் கோரிப்பாளையத்திலிருந்து ரேஸ்கோர்ஸ் மைதானம் நோக்கி மட்டையும் கையுமாகச் செல்லும் மாணவரிடம் தமிழகத்துக் கிரிக்கெட் வீரர் யாவர் என வினவினால், ஸ்ரீகாந்தில் தொடங்கி அஸ்வினில் முடிப்பர். ஏ.ஜி. ராம்சிங் என்னும் பெயரை அறிந்தவர் அரியர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு டெஸ்ட் ஆட்டமேனும் ஆடாதவரைப் பட்டியல்கள் நினைவில் வைப்பதில்லை.

1910ஆம் ஆண்டு பிறந்த ராம்சிங், சென்னையில் வேரூன்றிய சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இடக்கையால் மட்டை பிடித்தவர். இடக்கையாலேயே சுழற்பந்தும் வீசியவர். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. மைசூர் அணி 48 ஓட்டங்களுக்கும், பின்னர் 59 ஓட்டங்களுக்கும் சுருண்டது. சென்னை எடுத்ததோ 130. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ராம்சிங் 19 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டும், 16 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டும் வீழ்த்தியிருந்தார்.

இடக்கைச் சுழலின் நுட்பம் எளிது. வலக்கை ஆட்டக்காரரின் உடல் நோக்கி வரும் பந்து, தரையைத் தொட்டதும் வெளிப்புறமாக விலகும். அதனைத் துரத்தும் மட்டை விளிம்பில் தட்டினால் பந்து காப்பாளர் கையில் சேரும். எளிதென்பது சொல்லுக்குத்தான், கைவரப்பெறப் பல்லாண்டு வேண்டும்.

இத்தகையவருக்கு 1936, 1946 ஆகிய இரு இங்கிலாந்துப் பயணங்களிலும் இடம் கிட்டவில்லை. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில், பெரும்பகுதி உலகப்போரில் கழிந்தமையால், இந்தியா ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆடவில்லை. ராம்சிங்குக்கு அது இருபத்தாறு முதல் முப்பத்தாறு வரையிலான வயது. விளையாட்டு வீரனின் நல்ல பருவம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. தேர்வாளர்களின் பிழையைக் காட்டிலும் காலத்தின் பிழையே பெரிதெனத் தோன்றுகிறது.

பின்னர் அவர் பயிற்சியாளரானார். ஆடுபவரின் ஓட்டம் ஏட்டில் ஏறும். வலைப்பயிற்சியில் நின்று ஒரு சிறுவனின் காலை அரையடி முன்னே நகர்த்திவைத்தவரின் உழைப்பை எழுத எந்த ஏட்டிலும் பத்தி இல்லை. வீட்டிலும் அதன் பயன் விளைந்தது. மகன் கிருபால்சிங் 1955இல் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிரான தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 எடுத்தார். இளையவர் மில்கா சிங் நான்கு டெஸ்ட் ஆடினார். (ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங் வேறொருவர்.)

1989 சனவரியில், கிருபாலின் மகன் அர்ஜன், கோவாவுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 302 ஓட்டங்கள் குவித்தார். மகன் கிருபால் 1987இலேயே மறைந்திருந்தார். எழுபத்தெட்டு வயதுப் பாட்டனார் ராம்சிங் அப்பொழுது உயிருடன் இருந்தார்.