காக்ளியர் இம்ப்ளான்ட்: மிச்சமிருக்கும் கேட்கும் திறனைக் காப்பாற்ற முடியுமா?

'பட்டு', 'தட்டு', 'கட்டு'. மூன்று சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் முதலில் வரும் மெய்யொலி மட்டும்தான். கண் இமைப்பதற்குள் வந்து போகும் அந்த ஒலியை அடையாளம் காட்டும் தகவலில் பெரும்பகுதி உயர் அதிர்வெண்ணில் இருக்கிறது. உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறனை இழந்தவர்களுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காதில் விழும். "கேக்குது, ஆனா என்ன சொல்றீங்கன்னு புரியலை" என்று அவர்கள் சொல்வது இதனால்தான்.

பஸ் இன்ஜின் சத்தம், தவில் ஓசை எல்லாம் இவர்களுக்கு நன்றாகவே கேட்கும். ஆபீஸ் மீட்டிங்கிலும் போன் பேச்சிலும்தான் தடுமாற்றம். காது கேட்கும் கருவி ஒலியைப் பெருக்கித் தரும். ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் செல்களே அழிந்துபோன இடத்தில், எவ்வளவு பெருக்கினாலும் பயன் குறைவு. அடுத்த வழி காக்ளியர் இம்ப்ளான்ட். தயக்கமும் அங்கேதான் தொடங்குகிறது: ஆபரேஷனில், இப்போது கேட்கிற கொஞ்சமும் போய்விட்டால்?

காதுக்குள் என்ன நடக்கிறது?

உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் உறுப்பு காக்ளியா. பட்டாணி அளவுதான் இருக்கும். சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் வாசல் பகுதி கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகளுக்கானது. உள்ளே நுனிப் பகுதி கனத்த, தாழ் அதிர்வெண் ஒலிகளுக்கானது. அங்குள்ள நுண்ணிய முடி செல்கள் ஒலி அதிர்வை நரம்புக்கான மின் சமிக்ஞையாக மாற்றுகின்றன. வயது, அதிக சத்தம், சில மருந்துகள் ஆகியவற்றால் பெரும்பாலும் வாசல் பகுதி செல்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. மனிதர்களுக்கு இந்தச் செல்கள் அழிந்தால் மறுபடி வளராது.

காக்ளியர் இம்ப்ளான்ட் இந்தச் செல்களைத் தாண்டி, கேட்கும் நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. அதற்காக, மின்முனைகள் வரிசையாகப் பதித்த மெல்லிய இழை ஒன்றைக் காக்ளியாவுக்குள் செலுத்துகிறார்கள்.

மிச்சத்தைக் காப்பாற்றுவது ஏன் முக்கியம்?

தயாரிப்பைப் பொறுத்து ஓர் இழையில் 12 முதல் 22 மின்முனைகள் இருக்கும். ஆயிரக்கணக்கான முடி செல்கள் செய்த வேலையை இவ்வளவு குறைந்த மின்முனைகள் செய்ய வேண்டும். பேச்சைப் புரிந்துகொள்ள இது பெரும்பாலும் போதுமானது. சுருதி, ராகம், குரலின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றைத் துல்லியமாகத் தருவதில்தான் இம்ப்ளான்ட் பின்தங்குகிறது.

குரலின் அடிப்படைச் சுருதி ஆண்களுக்குப் பொதுவாக 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண்களுக்கு 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருக்கும். மிச்சமிருக்கும் தாழ் அதிர்வெண் திறன் துல்லியமாகப் பிடிப்பது இதைத்தான். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது யார் குரல் எது எனப் பிரித்தறிவதற்கும், பாட்டை ரசிப்பதற்கும் இது கைகொடுக்கிறது.

பழைய கணக்கு எப்போது மாறியது?

ஆரம்ப காலத்தில், இம்ப்ளான்ட் பொருத்தும் காதில் மிச்சமிருக்கும் கேட்கும் திறன் போய்விடும் என்பதே எதிர்பார்ப்பு. அதனால் ஏறக்குறைய எதுவுமே கேட்காதவர்களுக்கு மட்டும்தான் இம்ப்ளான்ட். 1993-ல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் லென்ஹார்ட், உள்காதை முடிந்தவரை சிதைக்காமல் செய்யும் 'மென் அறுவை' முறையை விவரித்தார். 1999-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கிறிஸ்டோஃப் ஃபொன் இல்பெர்க் குழு, ஒரே காதில் இரண்டையும் சேர்க்கலாம் என்று காட்டியது: தாழ் ஒலிகளுக்குக் காது கேட்கும் கருவி, உயர் ஒலிகளுக்கு இம்ப்ளான்ட்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

காக்ளியாவுக்குள் திரவம் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்கும் சவ்வை இழை கிழித்தால் திரவங்கள் கலந்து, அங்குள்ள முடி செல்கள் அழியும். டிரில்லின் அதிர்வு, எலும்புத் தூள், ரத்தம், திடீர் அழுத்தம் ஆகியவையும் ஆபத்து. அதனால்:

- எலும்பில் புதிதாகத் துளை போடுவதற்குப் பதில், முடிந்தால் 'வட்டச் சாளரம்' என்ற இயற்கையான சவ்வு வழியாக நுழைகிறார்கள்.
- மெல்லிய, வளையும் இழையை அவசரமில்லாமல், மிக மெதுவாகச் செலுத்துகிறார்கள்.
- வீக்கத்தைக் கட்டுப்படுத்த ஸ்டீராய்டு மருந்து தருகிறார்கள்.
- சில மையங்களில், இழை உள்ளே போகும்போதே காதுக்கு ஒலி கொடுத்து முடி செல்களின் மின் எதிர்வினையைத் திரையில் கவனிக்கிறார்கள். அது சட்டென்று குறைந்தால் சர்ஜன் நிறுத்துவார், அல்லது இழையைச் சற்றுப் பின்னிழுப்பார்.

உத்தரவாதம் உண்டா?

இல்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-ல் அனுமதித்த 'ஹைபிரிட் எல்24' கருவியின் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். பங்கேற்ற 50 பேரில் பெரும்பாலானோருக்குச் சொற்களையும் வாக்கியங்களையும் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. ஆனால் 22 பேருக்கு அந்தக் காதில் மிச்சமிருந்த தாழ் அதிர்வெண் திறன் முழுதாகவோ, ஏறக்குறைய முழுதாகவோ போனது. அவர்களில் 6 பேர் இன்னொரு ஆபரேஷன் செய்து வழக்கமான இம்ப்ளான்ட்டுக்கு மாறினார்கள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்து, மாதங்கள் கழித்தும் திறன் குறையலாம். இழையைச் சுற்றி வளரும் வடுத் திசு ஒரு காரணம். இங்கே இன்னொரு இழுபறியும் உண்டு. குட்டை இழை உள்ளே ஆழமாகப் போகாது என்பதால் நுனிப் பகுதிக்குப் பாதுகாப்பு. ஆனால் பின்னாளில் மிச்சத் திறன் போய்விட்டால், அதிகப் பகுதியைத் தூண்டும் நீள இழையே உதவும்.

அப்படியானால் முடிவெடுப்பது எப்படி?

மிச்சத் திறன் போனாலும் இம்ப்ளான்ட் நின்றுவிடாது. அது வேலை செய்வது நரம்போடு. இன்னொரு காதின் கேட்கும் திறன் அப்படியே இருக்கும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கோ காலம்தான் பெரிய விஷயம். பேச்சும் மொழியும் வளரும் முதல் சில ஆண்டுகளை, "கொஞ்சம் கேக்குதே, பார்க்கலாம்" என்று கடத்துவது பெரிய இழப்பு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை கிடைக்கிறது.

ஆடியோகிராமைக் கையில் வைத்துக்கொண்டு சர்ஜனிடமும் ஆடியாலஜிஸ்ட்டிடமும் நேராகவே கேளுங்கள்: 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது? எந்த நீள இழை, ஏன்? உங்களிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஒரு வருடத்துக்குப் பிறகு எத்தனை பேருக்கு மிச்சத் திறன் நிலைத்தது? அது எனக்குப் போய்விட்டால், இம்ப்ளான்ட் மட்டுமே கொண்டு எவ்வளவு புரியும்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், இன்று காது கேட்கும் கருவியோடு புரிவதைவிட மேலாக இருந்தால், தயக்கத்துக்கு அதிக இடமில்லை.