துருக்கி மொழி பேசிய கிரேக்கர்கள்: ஓர் அகதிக் கிராமத்தின் கதை

வடகிழக்கு கிரேக்கத்தில், கவாலா துறைமுக நகருக்குக் கிழக்கே கடலோரச் சமவெளியில் இருக்கிறது நெயா கர்வாலி என்ற கிராமம். "நெயா" என்றால் கிரேக்க மொழியில் "புதிய" என்று பொருள். பழைய கர்வாலி இருப்பது துருக்கியின் நடுப்பகுதியில், கப்படோசியா பீடபூமியில். துருக்கியர் அதனை கெல்வெரி என்று அழைத்தனர். இன்றைய பெயர் குசெல்யுர்ட். இவ்விரு ஊர்களுக்கும் இடையே கடலும் மலையும் மட்டுமல்ல, ஓர் உடன்படிக்கையும் குறுக்கே நிற்கிறது.

1922-ல் ஆசியா மைனர் போரில் கிரேக்கப் படைகள் தோற்றன. அதைத் தொடர்ந்து 1923 ஜனவரி 30-ம் தேதி சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இரு நாடுகளும் மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. துருக்கியில் வாழ்ந்த கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சமயத்தினர் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக இடம்பெயர வேண்டும் என்பது அதன் சாரம். இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டுமே விலக்கு. அரசின் அனுமதியின்றி எவரும் திரும்பிவந்து குடியேற முடியாது.

யார் எந்த நாட்டவர் என்பதை மொழி தீர்மானிக்கவில்லை, விருப்பமும் தீர்மானிக்கவில்லை. மதம் ஒன்றே தீர்மானித்தது. கர்வாலி மக்கள் வீட்டிலும் வீதியிலும் பேசியது துருக்கி மொழி. அவர்களைப் போன்ற கிறிஸ்தவர்களுக்காகத் துருக்கி மொழியையே கிரேக்க எழுத்துகளில் அச்சிட்டு நூல்கள் வந்தன. ஆனாலும், உடன்படிக்கையின்படி அவர்கள் கிரேக்கர்கள். அதேபோல, கிரேக்க மொழி மட்டுமே அறிந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கியர்களாகக் கணக்கிடப்பட்டனர்.

கப்படோசியா மக்களில் பெரும்பாலோர் 1924-ல் ஊரைவிட்டுப் புறப்பட்டனர். கர்வாலியினர் தங்களுடன் கொண்டுவந்த பெருஞ்செல்வம், நான்காம் நூற்றாண்டில் அப்பகுதியில் வாழ்ந்த இறையியலாளர் புனித கிரகோரியின் எச்சங்கள் எனப் போற்றப்படும் பேழை. புதிய ஊரில் அவருக்குக் கோயில் எழுப்பினர். ஆண்டுதோறும் ஜனவரி 25-ல் அவரது திருநாள் இங்கு ஊர்த் திருவிழாவாகும்.

சுமார் 55 லட்சம் மக்கள்தொகை கொண்டிருந்த கிரேக்கத்துக்கு வந்துசேர்ந்த அகதிகள் 12 லட்சத்துக்கும் அதிகம். சர்வதேச சங்கத்தின் மேற்பார்வையில் அகதிகள் குடியேற்ற ஆணையம் அமைக்கப்பட்டது. 1924-ல் வெளிநாட்டுக் கடன் திரட்டப்பட்டது. வெளியேறிய முஸ்லிம்களின் நிலங்களும் பெரும் பண்ணைகளிலிருந்து எடுக்கப்பட்ட நிலங்களும் பகிர்ந்தளிக்கப்பட்டன. வீடு, நிலம், உழவு மாடு, விதை அனைத்தும் கடனாகவே தரப்பட்டன. வறண்ட பீடபூமியிலிருந்து சதுப்பு நிலங்கள் நிறைந்த வடக்குச் சமவெளிகளுக்கு வந்த மக்களை மலேரியா வாட்டியது. கவாலா வட்டாரத்தில் புகையிலையே அகதி விவசாயிகளின் வாழ்வாதாரமானது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் அதன் விலையும் சரிந்தது.

மண் ஏற்ற அளவுக்கு மனிதர்கள் ஏற்கவில்லை. உள்ளூர் மக்கள் அகதிகளைத் "துருக்கிய வித்து" என்றும், "தயிரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்" என்றும் ஏளனம் செய்தனர். துருக்கியில் "காஃபிர்" எனப்பட்டவர்கள் கிரேக்கத்தில் துருக்கியராயினர்.

அரசியலிலும் அவர்கள் ஏமாற்றத்தைச் சந்தித்தனர். அகதிகளின் வாக்குகள் பிரதமர் வெனிசெலோசின் லிபரல் கட்சிக்குப் பெரும் பலமாக இருந்தன. ஆனால், 1930-ல் அவர் துருக்கியுடன் அங்காராவில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இரு நாட்டு அகதிகளும் விட்டுவந்த சொத்துகள் ஒன்றுக்கொன்று ஈடாகக் கருதப்பட்டுக் கணக்கு முடிக்கப்பட்டது. இழந்த வீட்டுக்கு முழு இழப்பீடு கிடைக்கும் என்று காத்திருந்தவர்களில் பலர் அவரைக் கைவிட்டனர்.

லொசான் பரிமாற்றம் இந்திய அரசியலிலும் எதிரொலித்தது. மாநாட்டில் முன்னின்ற பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கர்சன், 1905-ல் வைஸ்ராயாக இருந்து வங்கத்தைப் பிரித்தவர். கட்டாயப் பரிமாற்றம் மோசமான தீர்வு என்று அவரே கண்டித்தார், ஆயினும் தடுக்கவில்லை. 1940-ல் பாகிஸ்தான் கோரிக்கையை ஆராய்ந்து நூல் எழுதிய டாக்டர் அம்பேத்கர், துருக்கி, கிரேக்கம், பல்கேரியா நாடுகளின் முன்னுதாரணத்தைச் சுட்டிக்காட்டி, மக்கள் பரிமாற்றம் சாத்தியமே என்று வாதிட்டார். 1947-ல் பஞ்சாபில் அத்தகைய இடப்பெயர்வு நடந்தபோது, உடன்படிக்கையோ ஆணையமோ முன்னதாக இல்லை. படுகொலைகளே மக்களைத் துரத்தின.

கிரேக்கம் அகதிகளைக் குடியமர்த்தியது வெற்றி என்றே பலரும் கூறுவர். நிலம், வீடு, விளைச்சல் என்று கணக்கிட்டால் அது உண்மையே. அந்தக் கணக்கில் அடங்காதவற்றை நெயா கர்வாலி வேறு வழிகளில் காத்துவருகிறது. பாதாமும் வெண்ணெயும் சேர்த்துச் சுட்டு, சர்க்கரைப் பொடியில் புரட்டும் "குராபியே" பலகாரம் இன்று இவ்வூரின் அடையாளம். அதன் பெயரே துருக்கி மொழியில் வழங்குவதுதான். கப்படோசியாவின் உடைகளும் வீட்டுப் பொருள்களும் ஊர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளன.

பழைய கர்வாலியில் புனித கிரகோரியின் கோயில் மசூதியாக மாற்றப்பட்டது. கிரேக்கத்திலிருந்து அனுப்பப்பட்ட முஸ்லிம்கள் அவ்வூரில் குடியேறினர். அவர்களும் தாம் பிறந்த மண்ணைத் துறந்து வந்தவர்களே. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் எவரும் இன்று இல்லை. பேரப்பிள்ளைகள் எல்லை தாண்டிச் சென்று, தாத்தா பாட்டி வாழ்ந்த வீடு எது என்று விசாரிக்கின்றனர், விருந்தாளிகளாக மட்டும்.