கவலைக்கு ஒரு அஞ்சறைப் பெட்டி!

சாயங்காலம் ஆறரை மணி. காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். காதில் ஹெட்செட். பாட்டு ஓடுகிறது. ஆனால், மண்டைக்குள் ஓடுவது வேற!

'இந்த செமஸ்டராவது அரியர் கிளியர் ஆகுமா?', 'ஆறு மாசமா இன்டர்வியூ போறேன்... ஒரு ஆஃபர் லெட்டர் வரலையே', 'எஜுகேஷன் லோனுக்கு பேங்க்ல இருந்து லெட்டர் வந்துருச்சு', 'ப்ளூ டிக் வந்தும் அவ ஏன் ரிப்ளை பண்ணலை?', 'கடைசி பெஞ்ச் பையன் பெங்களூர்ல கார் வாங்கிட்டானாம்...'

உங்க பஸ் வந்து, நின்று, போயே போச்சு. நீங்கள் கவனிக்கவே இல்லை!

இருபது ப்ளஸ் வயசில் பாதிப் பேர் கதை இதுதான். 'எங்கயாவது போய் நிம்மதியா இருந்துட்டு வரலாம் மாப்ள' என்று பைக்கை எடுக்கிறோம். கோவைக்காரங்களுக்கு அதில் பஞ்சமே இல்லை. இந்தப் பக்கம் வெள்ளியங்கிரி, அந்தப் பக்கம் வால்பாறை, மேட்டுப்பாளையம் தாண்டினா ஊட்டி. ஞாயிறு ராத்திரி திரும்பும்போது மனசு பஞ்சு மாதிரி இருக்கும். திங்கட்கிழமை காலையில் டீம் லீடர் முகத்தைப் பார்த்ததும்... புஸ்ஸ்! மலையைத் தூக்கிட்டா வர முடியும்?

அப்போ வீட்டில், வேலையில், பஸ்ஸில் இருந்துகொண்டே மனசை அமைதியாக்க வழியே இல்லையா? இருக்கு. சொன்னவர் ஒரு தறிக்காரர்!

வேதாத்திரி மகரிஷி. 'வாழ்க வளமுடன்' என்ற வார்த்தையைக் கேட்டதும் 'அட, அவரா!' என்பீர்கள். 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே தறியில் உட்கார்ந்தவர். பிறகு சொந்தமாக நெசவுத் தொழில் நடத்தினார். கல்யாணம், குடும்பம், தொழில் எல்லாம் உண்டு. 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போற ரோட்டில், ஆழியாறு அணைக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவுத் திருக்கோயில் அவர் உருவாக்கியதுதான். 2006-ல் மறைந்தார். கொங்கு பக்கம் அவருடைய மனவளக்கலை மன்றம் இல்லாத ஊரைப் பார்ப்பது அபூர்வம்.

அவர் கற்றுக்கொடுத்த அகத்தாய்வுப் பயிற்சியில் ஒரு பாடம், 'கவலை ஒழித்தல்'. பேர்தான் ஒழித்தல். உள்ளே போனால், முதல் வேலை பிரித்தல்! மனசில் இருக்கிற கவலைகளையெல்லாம் பேப்பரில் எழுது, நாலு வகையாகப் பிரி என்கிறார். நம்ம அம்மாக்கள் கடுகையும் மிளகையும் ஒண்ணாவா கொட்டி வைக்கிறாங்க? அஞ்சறைப் பெட்டியில் தனித்தனியாத்தானே போடறாங்க! அதே டெக்னிக்தான்.

முதல் அறை: அனுபவித்தே தீர வேண்டியவை

இதுதான் கஷ்டமான அறை. என் கதையையே சொல்கிறேன். சோமனூர் பக்கம் எங்க ஊர். வீட்டை ஒட்டின செட்டில் எட்டு விசைத்தறி. கூலிக்கு நெய்து கொடுக்கிற குடும்பம். அந்த 'டக டக' சத்தத்தில்தான் தூங்கினேன், படித்தேன், பரீட்சைக்குப் போனேன். கூலி கட்டுப்படியாகாமல் ஒருநாள் அப்பா தறிகளை இரும்பு விலைக்கு எடைக்குப் போட்டார். அன்னைக்கு ராத்திரி வீட்டில் துளி சத்தம் இல்லை. யாருக்கும் தூக்கமும் இல்லை.

சத்தம் இல்லாததுதான் அமைதின்னா, அன்னைக்கு எங்க வீட்டில் அமைதி பொங்கி வழிஞ்சிருக்கணுமே!

சம்பாதித்து மறுபடி தறி போட்டுத் தர்றேன் என்று ரெண்டு வருஷம் எனக்குள்ளேயே கணக்குப் போட்டுப் போட்டுத் தேய்ந்தேன். ஒருநாள் அப்பாவிடமே சொல்லிவிட்டேன். அவர், "போனது போச்சு கண்ணு. நீ சோறு உண்டியா?" என்றார். அப்போதுதான் உறைத்தது. இது தீர்க்க வேண்டிய பிரச்னை இல்லை. அப்பாவும் நானும் சேர்ந்து சுமக்க வேண்டிய வருத்தம். அதை அந்த அறையில் போட்ட பிறகுதான், அவர் பக்கத்தில் சும்மா உட்கார முடிந்தது.

இரண்டாவது அறை: தள்ளிப்போட வேண்டியவை

தங்கச்சி கல்யாணம், சொந்த வீடு, 'முப்பது வயசுல எங்க இருப்பேன்?' எல்லாம் நியாயமான கவலைதான். ஆனால், இன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அதற்கு ஒண்ணும் பண்ண முடியாது. பக்கத்தில் ஒரு தேதி எழுதுங்க. 'அடுத்த தை மாசம் யோசிக்கலாம்.' அவ்வளவுதான்!

மூன்றாவது அறை: அலட்சியம் செய்ய வேண்டியவை

கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போற வழியில் மடக்கி, "ஏந்தம்பி, இன்னும் வேலை கிடைக்கலீங்களா?" என்று கேட்கிற பெரியப்பா. இன்ஸ்டாகிராமில் கார் சாவியோடு சிரிக்கிற கிளாஸ்மேட். ப்ளூ டிக். எல்லாரும் இங்கே வரிசையா வாங்க! இந்த அறை சீக்கிரம் நிறையும். மனசு பாதி காலியாகும்.

நான்காவது அறை: உடனே தீர்க்க வேண்டியவை

பேங்க் லெட்டர் இங்கே. மடித்து பீரோவில் வைத்தால் வட்டி ஏறுமே தவிர, கவலை இறங்காது. கல்விக் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்க, பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை அவகாசம் உண்டு. அதுவும் தாண்டிவிட்டால், நேரில் போய்த் தவணையை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்க. அரியருக்கு ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்ன? நாளைக்கே விசாரியுங்க. பெரும்பாலும் இந்த அறையில் ரெண்டு, மூணு விஷயம்தான் மிஞ்சும். பத்து பேரோட சண்டை போடற மாதிரி இருந்தது, கடைசியில் ரெண்டு பேர்தான்!

சரி, நாலுதானே ஆச்சு, அஞ்சாவது? அது நான் சேர்த்தது. அதைக் காலியாக விடுங்க. எழுதி முடித்ததும் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க. மொட்டை மாடியோ, வாலாங்குளம் கரையோ, ஹாஸ்டல் படிக்கட்டோ... எதுவானாலும் ஓகே. செல்போனை மட்டும் அறையிலேயே வெச்சுட்டு வந்துருங்க. பழைய கவலை எட்டிப் பார்க்கும். 'உன் இடம் அங்கே' என்று அதன் அறையைக் காட்டுங்க. முதல் நாள் கேட்காது. பத்து நாளில் கொஞ்சம் கேட்கும்.

ஒரு விஷயம் மட்டும் சீரியஸா... வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், அது பேப்பரில் பிரிக்கிற கவலை இல்லை பாஸ். டாக்டரைப் பாருங்க. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். கூச்சமே வேண்டாம்.

இப்போதும் எங்க வீட்டு செட் காலிதான். ஊருக்குப் போனால் ராத்திரி அப்பாவும் நானும் அங்கேதான் கட்டில் போட்டுப் படுக்கிறோம். பக்கத்துத் தெருவில் எங்கோ ஒரு தறி ஓடுகிற சத்தம் மெலிசா கேட்கும். அதைக் கேட்டுக்கிட்டே தூங்கிடறோம்.