நான்கு கதவு ஹெரால்டுக்கு யார் கதவு செய்வது?

பழைய கார் ஒன்றை மீட்டெடுத்து ஓட்டுவது பற்றிப் பேச்செடுத்தால், “அதெல்லாம் பணக்காரர் சமாசாரம்” என்று நம்மில் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பணம் வேண்டும்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எவ்வளவு பணம் கொட்டினாலும் கிடைக்காத பாகங்கள் உண்டு. நடுத்தர வருமானக்காரர் கடிதம் எழுதியே வாங்கிவிடக்கூடிய பாகங்களும் உண்டு. ஒரு வண்டியின் பாகங்கள் இதில் எந்தப் பக்கம் விழும் என்பதை அந்த வண்டியின் விலை தீர்மானிப்பதில்லை, வயதும் தீர்மானிப்பதில்லை. தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்கு ஒளிக்காமல் சொல்லும் ஒரு கூட்டம் அதைச் சுற்றி இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது. இதுவரை இந்தத் தொடரில் எஞ்சினையும் துருவையும் பெயின்டையும் பற்றிப் பேசிவந்தோம். இந்த வாரம் மனிதர்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பழைய வண்டிகளைப் பொறுத்தவரை முதன்மையான உதிரிபாகம் அவர்கள்தான் என்பது என் வாதம்.

இதற்கு நம் ஊரிலேயே பிறந்த சாட்சி ஒன்று இருக்கிறது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1960களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற காரைத் தயாரித்தது. அது இங்கிலாந்தில் 1959 முதல் 1971 வரை உற்பத்தியான டிரையம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உருவம், 948 சிசி எஞ்சின், தனிச் சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய பாடி. முன்பக்க மூடியும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும் என்பதால், எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்க இதைவிட வசதியான கார் குறைவு. இங்கிலாந்து ஹெரால்டு இரண்டு கதவு வண்டி. குடும்பத்தோடு பயணம் போகும் இந்தியருக்கு அது போதாது என்று கண்ட சென்னை நிறுவனம், 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டை இந்தியாவுக்கென்றே உருவாக்கியது. 1970களில் வந்த கேஸல் காரில் ஹெரால்டின் பின் ஆக்ஸில் அமைப்பையே மாற்றினார்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் பாரத்துக்கும் வளைவுக்கும் ஏற்பச் சாய்ந்து கொடுப்பதை வாங்கியவர்களும் விரும்பவில்லை, மெக்கானிக்குகளும் விரும்பவில்லை. அதனால் நேரான கட்டை ஆக்ஸில் வந்தது. இவை வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்து நகலெடுத்த வேலைகள் அல்ல. இங்கே யோசித்து இங்கே செய்த பொறியியல்.

இன்று அதே காரின் இரு கிளைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 1977இல் டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. ஹெரால்டுக்கும், அதன் சேசிஸிலிருந்து கிளைத்த ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் போன்ற கார்களுக்குமான சங்கம் அது. அப்போது அவை புராதனப் பொருள்கள் அல்ல. தெருவோரம் துருப்பிடித்துக் கிடந்த மலிவான பழைய கார்கள். அந்தக் கட்டத்திலேயே உரிமையாளர்கள் ஒன்றுகூடியதால், எந்தப் பாகம் எந்த மாடலுக்குப் பொருந்தும், எது முதலில் பழுதாகும், எதைப் போலியாகச் செய்து விற்கிறார்கள் என்ற அறிவெல்லாம் சிதறாமல் சேர்ந்தது. அறிவு சேர்ந்த இடத்தில் வாங்குவோரும் சேர்ந்தார்கள். வாங்குவோர் சேர்ந்ததும் பாகம் செய்பவர் வந்தார். அதனால் சென்னையில் தயாரான ஹெரால்டின் எஞ்சினுக்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் வேண்டிய பல பாகங்களை இன்றும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க முடிகிறது. ஆனால் அதன் பின்கதவு? அந்தக் கதவின் கண்ணாடி? கண்ணாடியைப் பிடிக்கும் பீடிங்? அவை இங்கிலாந்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இங்கே அவற்றுக்கென ஒரு கூட்டமும் திரண்டதில்லை. நம் பொறியாளர்கள் சொந்தமாகச் செய்த பகுதி எதுவோ, அதற்குத்தான் இன்று பாகம் இல்லை. இதைவிட வருத்தமான, இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பட்டறைக் கணக்கில் பார்ப்போம். ஒரு ரப்பர் பீடிங் வேண்டுமானால் முதலில் அதன் குறுக்குவெட்டு வடிவத்தில் டை வெட்ட வேண்டும். ஓர் அலுமினிய உறை வேண்டுமானால் பேட்டர்ன் செய்து, மணல் அச்சு எடுத்து, வார்த்து, லேத்தில் கடைய வேண்டும். இந்த முன்வேலைக்கான செலவு ஒரு பாகம் செய்தாலும் அதேதான், நூறு செய்தாலும் ஏறக்குறைய அதேதான். தனி ஆளாகப் போய்க் கேட்டால் பட்டறைக்காரர் ஒன்று மறுப்பார், அல்லது காரின் விலையையே ஒரு பீடிங்குக்குச் சொல்வார். ஐம்பது பேர் சேர்ந்து போனால் அவரே நாற்காலி போட்டு உட்காரவைப்பார். ஆக, இந்த ஆர்வம் பணக்காரருக்கு மட்டுமே கட்டுப்படியாகும் என்பது காரைப் பற்றிய உண்மை அல்ல. கூட்டம் இல்லாத இடத்தின் நிலைமை. பட்டறைகளுக்கு நமக்குப் பஞ்சமும் இல்லை. மோட்டார் பம்பு செய்து பழகிய கோயம்புத்தூர் வார்ப்பாலைகளும், அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சிறு பட்டறைகளும் செய்ய முடியாத பாகம் ஹெரால்டில் எதுவும் கிடையாது. கேட்பதற்கு ஆள் சேரவில்லை, அவ்வளவுதான்.

சேர்ந்த இடங்களில் என்ன நடந்தது என்பதும் கண்முன் இருக்கிறது. ஃபோர்டு மாடல் ஏ கார் 1931 வாக்கில் நின்றுபோனது. அமெரிக்காவில் அதற்கென்று 1950களில் தொடங்கிய இரு பெரிய சங்கங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிராமல் கூட்டாகவே ஒரு வழிகாட்டி நூலைத் தொகுத்தன. எந்தக் காலகட்டத்து வண்டியில் எந்த போல்டுக்கு எந்தப் பூச்சு, இருக்கைத் துணி எப்படி என்பது வரை அதில் இருக்கிறது. இங்கிலாந்தில் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் உற்பத்தி 1980இல் முடிந்தது. எட்டே ஆண்டுகளில், 1988இல், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுக்கருவிகளைத் தேடிப்பிடித்து முழுப் பாடியையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. வாங்க ஆள் இருக்கிறது என்ற உறுதி இல்லாமல் எந்த நிறுவனமும் அந்தக் கனமான அச்சுகளைக் கழுவித் துடைக்காது. இலங்கையின் உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில் அங்கே புதிய கார் வாங்க வழியில்லாததால், மாரிஸ் மைனர்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டினார்கள். அந்தக் கைத்திறன் பெருகி, 1990களில் இங்கிலாந்தின் மாரிஸ் மைனர் ஆர்வலர்களுக்கு இலங்கைப் பட்டறையில் செய்த பாகங்கள் கப்பலேறின. காரைப் பெற்ற நாட்டுக்கே அதைக் காப்பாற்றிய நாடு பாகம் அனுப்பியது. வசதி அல்ல, பழக்கமும் பகிர்வும்தான் அதைச் சாத்தியமாக்கின.

லாரிகளுக்கு வருவோம், எனக்கு மிகுந்த கவலை தருபவை அவைதான். காரையாவது யாரோ ஒருவர் தாத்தாவின் நினைவாகக் கொட்டகையில் நிறுத்திவைப்பார். லாரி கடைசி நடைவரை உழைத்துவிட்டு நேராகக் காயலான் கடைக்குப் போகும். எண்ணூரில் பிறந்த லேலண்டு காமெட், 1954 முதல் டாட்டா கூட்டணியில் வந்து நம் மக்கள் வாயில் ‘பென்ஸ் லாரி’ ஆன வண்டி, இவை இரண்டும்தான் தமிழ்நாட்டின் நெல்லையும் நூலையும் சிமென்டையும் சுமந்தன. ஆனால் ஆலையிலிருந்து வந்தது சேசிஸும் எஞ்சினும் முன்முகப்பும் மட்டுமே. கேபினையும் பாடியையும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் தச்சரும் கொல்லரும் பெயின்டரும் சேர்ந்து கட்டினார்கள்; பஸ் என்றால் கரூரில். எந்த மரம் எந்த இடத்துக்கு, குறுக்குச் சட்டத்தை எங்கே இணைப்பது, நெற்றியில் எழுத்து எப்படி அமர வேண்டும் என்பவை எந்த நிறுவனத்தின் கையேட்டிலும் இல்லை. அவை கைகளில் இருந்தன. இங்கிலாந்தில் வணிக வாகனங்களுக்கென்றே 1958இல் ஒரு சங்கம் உருவாகி, 1962 முதல் பழைய லாரிகளையும் பஸ்களையும் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஓட்டிச்செல்கிறது. லேலண்டு நகரிலேயே வணிக வாகன அருங்காட்சியகம் 1983 முதல் இருக்கிறது. எண்ணூர் வண்டியின் மூதாதைக்கு அங்கே கூரை கிடைத்திருக்கிறது. இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளைத்தான் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சட்டமும் லாரியைக் கவனிக்கவில்லை. மத்திய அரசு 2021இல் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டு தாண்டிய, சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துகளோடு தனிப் பதிவு எண். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நல்ல விதி, அதை வரவேற்கிறேன். ஆனால் அது சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத்தான். சரக்கு லாரி அந்த வரையறைக்குள் வரவில்லை. அதோடு, ‘அசல் வடிவம்’ என்று விதி சொல்லும்போது, நாமக்கல்லில் பாடி கட்டிய ஒரு வண்டியின் அசல் எது என்று யார் சொல்வார்? ஆலை சொல்ல முடியாது. பதிவு அலுவலகம் சொல்ல முடியாது. பட்டறையில் நின்றவரும், அவர் சொன்னதைக் குறித்துவைத்த ஆர்வலரும்தான் சொல்ல முடியும்.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போனால் அது எப்படிப் பழைய வண்டி ஆகும், அதைப் போலி என்று சொல்லக் கூடாதா? இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளும் லே மான்ஸ் பந்தயத்தை வென்ற ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்ற பென்ட்லியை ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்தார்கள். பிறகு, வெற்றி பெற்ற காரின் பாகங்கள் இதில் ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை என்று வாங்க வந்தவர் பின்வாங்கினார். பந்தயத்துக்காக அதன் சேசிஸையும் எஞ்சினையும் மாற்றியிருந்தார்கள். 1932இல் புரூக்லேண்ட்ஸில் கோர விபத்தும் நேர்ந்தது. ஆயினும் அந்தக் கார் எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போய்விடவில்லை, தொடர்ச்சியாக மாறிவந்தது என்பதால் அதுவே உண்மையான கார் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். அந்தத் தொடர்ச்சியை எதைக் கொண்டு நிரூபித்தார்கள்? எப்போது எது மாறியது என்பதற்கான பதிவுகளையும் விவரம் அறிந்தவர்களின் சாட்சியத்தையும் கொண்டுதான். பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா உருவாக்கிய டுரின் சாசனமும் இதே வழியைத்தான் காட்டுகிறது: முடிந்தவரை பழையதைக் காப்பாற்று, மாற்றியதை மறைக்காமல் குறித்துவை. போலியைத் தடுப்பது கண்டிப்பான சட்டமல்ல. மாற்றியதை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் அதைச் சரிபார்க்கத் தெரிந்த கண்களும்தான். தனியாக உட்கார்ந்து மீட்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியும். நாலு பேர் பார்க்க மீட்பவரால் முடியாது.

எல்லாவற்றையும் இனி ஸ்கேன் செய்து முப்பரிமாணத்தில் அச்சிட்டுக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். அந்தக் கருவிகள் பெரும் வரம். பின்கதவின் கைப்பிடி போன்றவற்றுக்கு அவற்றைத்தான் நாட வேண்டும். ஆனால் ஐம்பது ஆண்டு தேய்ந்த புஷ்ஷை ஸ்கேன் செய்தால் தேய்ந்த அளவுதான் கிடைக்கும். புதிதாக இருந்தபோது அதன் அளவு என்ன, எவ்வளவு இடைவெளி விட்டார்கள், எந்த உலோகம் என்பது கருவிக்குத் தெரியாது. வரைபடம் வைத்திருப்பவருக்கோ, அதைக் கடைந்தவருக்கோதான் தெரியும். பழைய வண்டிகள் புகை கக்குமே என்றும் சிலர் ஆட்சேபிக்கலாம். அதற்குப் பதில் சுருக்கமானது: ‘விஏ’ வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த விதியே அனுமதிப்பதில்லை. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்க்கவும் மட்டுமே வெளியே வரும் வண்டியால் நகரத்தின் காற்று கெட்டுவிடாது.

இதைவிடக் கடினமான கேள்வி பட்டறைகளிலிருந்து வரும். தெரிந்ததையெல்லாம் ஊருக்குச் சொல்லிவிட்டால் எங்கள் பிழைப்பு என்ன ஆவது? இதை எளிதில் ஒதுக்க முடியாது. பழைய கார்புரேட்டரை ட்யூன் செய்யத் தெரிந்தவருக்கு அந்த அறிவுதான் சொத்து. ஆனால் வண்டியே இல்லாமல் போன பிறகு அந்தச் சொத்தால் யாருக்கு லாபம்? பாகமும் தகவலும் தாராளமாகக் கிடைக்கும் நாடுகளில்தான் பழைய வண்டிகள் கொட்டகையை விட்டு வெளியே வருகின்றன, டிங்கரிங்குக்கும் பெயின்டுக்கும் எஞ்சின் வேலைக்கும் ஆள் தேடுகின்றன. எப்படிச் செய்வது என்று நூறு பேருக்குத் தெரிந்தாலும் கை வராது, கைக்காரரிடம்தான் வருவார்கள். ஒன்று மட்டும் ஆர்வலர்கள் மறக்கக் கூடாது. மெக்கானிக்கிடம் பெறும் அறிவுக்கு அவர் பெயரைச் சொல்ல வேண்டும், கூலியும் கொடுக்க வேண்டும். சங்கத்தின் மேடையில் கார் முதலாளிகள் மட்டும் அமர்ந்தால், அதைக் கூட்டம் என்று நான் ஏற்க மாட்டேன்.

நமக்கு நேரம் குறைவு. ஸ்டாண்டர்டு ஆலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது; ஹெரால்டுக்கும் கேஸலுக்கும் கதவு அடித்தவர்கள் இன்று முதியவர்கள். நாமக்கல்லில் மரப் பாடி கட்டிய தலைமுறையும் அப்படியே. ஆகவே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக், சர்வீஸ் புத்தகம், ஆலை வரைபடம், பட்டறை ரசீது எதுவானாலும் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நகலெடுத்து நாலு பேரிடம் கொடுங்கள். குடும்பத்தில் யாரேனும் ஆலையிலோ பாடி பட்டறையிலோ வேலை பார்த்திருந்தால் அவரை உட்காரவைத்து, எதை எப்படிச் செய்தார் என்று கேட்டு, அளவுகளோடு எழுதிக்கொள்ளுங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவு ஒன்றைக் கண்டால், உங்களிடம் அந்தக் கார் இல்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள்.

(தொடரும்)