ஆயிரம் டிசைன் இருக்கு, கேட்ட டிசைன் கிடைக்கலையா? எம்ப்ராய்டரி ஃபைல்களை ஒழுங்குபடுத்துவது எப்படி?

ஆவணி, தை என முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் திண்டுக்கல் தையல் கடைகளில் மூச்சுவிட நேரம் இருக்காது. சின்னாளப்பட்டி சுங்குடிக்கு மேட்சாக ஒரு ஜாக்கெட், பட்டுச் சேலைக்கு ஒரு பேக் நெக், வளைகாப்புக்கு ஒரு கை டிசைன் என ஆர்டர் குவியும். ஜூன் வந்தால் பள்ளிச் சீருடைக்கு லோகோ. ரெடிமேட் சட்டைக்குப் பெயர்போன நத்தம் பக்கம் பாக்கெட்டிலும் காலரிலும் சின்னச் சின்ன எழுத்து வேலை. கையால் போடும் ஆரி ஒர்க் ஒரு பக்கம் இருக்க, கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினும் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது.

மெஷின் வாங்கிய முதல் மாதமே டிசைன் சேர்க்கும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். இலவசமாகக் கிடைத்தவை, காசு கொடுத்து வாங்கியவை, வாட்ஸ்அப்பில் தோழி அனுப்பியவை என ஆறு மாதத்தில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால், “போன வருஷம் எங்க அக்காவுக்குப் போட்டீங்களே, அதே மயில் வேணும்” என்று வத்தலக்குண்டில் இருந்து பஸ் ஏறி வந்து ஒருவர் கேட்கும்போது அந்த ஒரு ஃபைல் மட்டும் கிடைக்காது. டிசைன் இருந்தும் ஆர்டர் கைநழுவுகிறது.

உங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ இந்தத் தொழிலில் இருந்தால், அல்லது வேலைக்குப் போய்க்கொண்டே நீங்களே பகுதிநேரமாகச் செய்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். 

டிசைன் ஃபைல் என்பது படமா?

இல்லை. நாம் கணினியில் பார்ப்பது பூவின் படம் போலத் தெரிந்தாலும், ஃபைலுக்குள் இருப்பது ஊசிக்கான கட்டளைகள். இங்கிருந்து இத்தனை மில்லிமீட்டர் நகர், குத்து, மறுபடி நகர், நிறம் மாற்ற நில். இவ்வளவுதான்.

கைத்தறியில் ஜக்கார்டு அட்டையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அட்டையில் உள்ள துளைகள் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்கின்றன. பழைய எம்ப்ராய்டரி மெஷின்களும் துளையிட்ட காகித நாடாவைப் படித்துத்தான் தைத்தன. டிசைன் உருவாக்கும் வேலையை இன்றைக்கும் ‘பஞ்சிங்’ என்று சொல்வது அதனால்தான்.

ஒவ்வொரு மெஷின் கம்பெனிக்கும் ஒரு ஃபைல் வகை இருக்கிறது. ஜப்பானின் தஜிமா மெஷின்களுக்காக வந்த டி.எஸ்.டி. இன்று பெரும்பாலான தொழில்முறை மெஷின்களுக்குப் பொதுமொழி போல ஆகிவிட்டது. பிரதர் மெஷினுக்கு பி.இ.எஸ்., ஜனோமிக்கு ஜே.இ.எஃப். இப்படிப் பட்டியல் நீளும். ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் மூன்று எழுத்தை மட்டும் மாற்றினால் வகை மாறாது, மெஷின் படிக்காது. சாஃப்ட்வேரில் திறந்து, வேண்டிய வகையில் சேமிக்க வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் இங்க்/ஸ்டிச் இதைக் காசில்லாமல் செய்து தரும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

டி.எஸ்.டி.யில் நிறம் இல்லை!

பலரும் கவனிக்காத விஷயம் இது. டி.எஸ்.டி. ஃபைல் நூலின் நிறத்தை நினைவில் வைப்பதில்லை. ‘இங்கே நிறுத்து, அடுத்த நூலைப் போடு’ என்பது மட்டும்தான் அதில் இருக்கும். அடுத்த நூல் மயில் கழுத்து நீலமா, அரக்கா என்பது ஃபைலுக்குத் தெரியாது. கணினித் திரையில் தெரியும் நிறம் சாஃப்ட்வேர் தானாகப் போட்டுக்கொண்டதாக இருக்கலாம்.

அதனால்தான் ஃபைல் கிடைத்தாலும் ‘அதே மயில்’ வராமல் போகிறது. போன வருஷம் எந்த நூல் போட்டீர்கள் என்பதை எழுதி வைக்கவில்லை என்றால் அந்த டிசைனில் பாதி தொலைந்துவிட்டது என்றே அர்த்தம். பி.இ.எஸ். போன்ற வகைகளில் நிறத் தகவல் இருக்கும். அப்போதும் நீங்கள் உண்மையில் போட்ட நூல் வேறாக இருக்கலாம். கம்பெனிக்கு கம்பெனி ஷேடு நம்பர் மாறும் என்பதால், நூலின் பிராண்டையும் நம்பரையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

இடம் பிரச்சினை இல்லை, அடையாளம்தான் பிரச்சினை

டி.எஸ்.டி.யில் ஒரு தையலுக்கு 3 பைட் போதும். 24,000 தையல் உள்ள கனமான ஜாக்கெட் டிசைன்கூட சுமார் 72 கே.பி. தான். அப்படி 10,000 டிசைன் வைத்திருந்தாலும் ஒரு ஜி.பி.க்குள் அடங்கிவிடும். ஒரு சினிமா டவுன்லோடு பண்ணும் இடம்கூட வேண்டாம்.

ஆக, டிசைன்களை அழித்து இடம் சேமிக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. ‘பீகாக்1’, ‘பீகாக்1 காப்பி’, ‘நியூ பீகாக்’, ‘பீகாக் ஃபைனல்’ என்று நான்கு ஃபைல் இருந்தால் எது 100 மி.மீ. ஃபிரேமுக்கானது, எது ஏற்கெனவே தைத்துப் பார்த்தது என்று தெரியாததுதான் சிக்கல். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்லவே வேண்டாம். அடையாளம் இல்லாத நூறு சாவிக் கொத்தால் யாருக்கு என்ன பயன்?

தப்பான ஃபைலுக்கு விலையும் உண்டு. நிமிஷத்துக்கு 600 தையல் போடும் மெஷினில் 24,000 தையல் முடிய 40 நிமிஷம் ஆகும். நூல் மாற்றும் நேரம் தனி. பாதியில் தப்பு தெரிந்தால் நேரம், நூல், கரன்ட் எல்லாம் வீண். துணி வாடிக்கையாளரின் பட்டாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

1. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வாருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், போன், மூன்று பென்டிரைவ், பழைய லேப்டாப் என்று சிதறிக் கிடப்பதை ஒரு பெரிய ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம்.

2. ஃபைலின் வகை கண்ணில் படட்டும். விண்டோஸ் வழக்கமாக அந்தக் கடைசி மூன்று எழுத்தை மறைத்து வைக்கும். அதனால் ஒரே ரோஜாவின் டி.எஸ்.டி.யும் பி.இ.எஸ்.ஸும் ஒரே பெயரில் தெரிந்து குழப்பும். விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ, பிறகு ஷோ, பிறகு ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். இதில் பாதுகாப்பும் இருக்கிறது. டிசைன் என்று வந்த ஃபைலின் பெயர் இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது டிசைன் அல்ல, ஒரு புரோகிராம். திறக்காதீர்கள்.

3. ஒரிஜினலைத் தனியாக வையுங்கள். வாங்கிய ஜிப் ஃபைலில் ஒரே டிசைன் ஏழெட்டு வகைகளில் இருக்கும். கூடவே நிற அட்டவணை, உரிம விவரம். இந்த ஜிப்பை அப்படியே ‘ஒரிஜினல்’ ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். உங்கள் மெஷினுக்கு வேண்டிய வகையையும் நிற அட்டவணையையும் மட்டும் ‘வேலை’ ஃபோல்டருக்கு எடுங்கள். கண்முன் கிடக்கும் ஃபைல்களின் எண்ணிக்கை இந்த ஒரு வேலையிலேயே மளமளவென்று குறைந்துவிடும்.

4. இரட்டைகளைப் பிடியுங்கள். பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு டிசைன் இருக்கலாம். வேறு பெயரில் ஒரே டிசைனும் இருக்கலாம். ஃபைலின் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு நகலைக் காட்டும் டூப்குரு போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ‘வேலை’ ஃபோல்டரில் மட்டும் இதைச் செய்தால் போதும்.

ஃபோல்டரை எப்படிப் பிரிப்பது?

டவுன்லோடு செய்த இணையதளத்தின் பெயரில் ஃபோல்டர் போடுவதுதான் பலரும் செய்வது. ஆனால் கடைக்கு வருகிறவர் எந்த இணையதளம் என்று கேட்கப்போவதில்லை. “கைக்கு ஏதாவது காட்டுங்க”, “சின்னப் புட்டா இருக்கா?” என்றுதான் கேட்பார். அப்படியே பிரியுங்கள்: நெக், கை, புட்டா, பார்டர், சாமி, குழந்தை, எழுத்து, லோகோ.

நெக் ஃபோல்டருக்குள் மயில், மாங்காய், பூக்கொடி, யானை என்று இன்னொரு அடுக்கு வைக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஐந்தாறு அடுக்கு போனால் நாமே வழி மறந்துவிடுவோம்.

மயில் நெக்கிலும் வரும், பழனிக்குப் போகிறவர்கள் கேட்கும் பையிலும் வரும். அப்போது எங்கே வைப்பது? அதிகம் கேட்கப்படும் இடத்தில் ஒரே ஒரு பிரதி. மற்றதை ஃபைல் பெயர் பார்த்துக்கொள்ளும்.

பெயரிலேயே பாதி வேலை

போட்டோவுக்கு விண்டோஸில் டேக் போடுவது போல டி.எஸ்.டி. ஃபைலுக்குப் போட முடியாது. முன்னோட்டப் படமும் தனி மென்பொருள் இல்லாமல் தெரியாது. எனவே, தேட உதவுவது பெயர் மட்டும்தான். நான்கு தகவலை அதில் வையுங்கள்: என்ன டிசைன், அளவு, எத்தனை தையல், எத்தனை நிறம்.

உதாரணம்: மயில்-நெக்-128-175-24000-5

அதாவது 128 மி.மீ. அகலம், 175 மி.மீ. உயரம், 24,000 தையல், 5 நிறம். 130-க்கு 180 மி.மீ. ஃபிரேமில் இது அடங்கும், 100-க்கு 100 ஃபிரேமில் அடங்காது என்று ஃபைலைத் திறக்காமலே சொல்லிவிடலாம். ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது இந்தத் தொழிலில் வழக்கம் என்பதால், வாடிக்கையாளர் நிற்கும்போதே விலையும் சொல்லிவிடலாம். பல மெஷின்களின் திரையில் தமிழ் எழுத்து தெரியாது; நீண்ட பெயரும் வெட்டுப்படும். அதனால் கணினியில் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக வையுங்கள்.

அளவு எதற்கு என்று கேட்கலாம், மெஷினிலேயே சின்னதாக்கிக்கொள்ளலாமே? தையல் எண்ணிக்கை மாறாமல் டிசைனைச் சுருக்கினால் தையல்கள் நெருங்கி, துணி சுருங்கும், நூல் அறும். பெரிதாக்கினால் இடைவெளியில் துணி தெரியும். பத்து சதவீதத்துக்கு மேல் மாற்றுவதாக இருந்தால் சாஃப்ட்வேரில் தையலைத் திரும்பக் கணக்கிட வைத்து, தனி அளவு, தனிப் பெயரில் சேமிப்பதே நல்லது.

ஒரு எக்செல் ஷீட், ஒரு போட்டோ

கூகுள் ஷீட்ஸிலோ எக்செல்லிலோ ஒரு டிசைனுக்கு ஒரு வரி. ஃபைல் பெயர், எங்கே வாங்கியது, என்ன தேதி, தைத்துப் பார்த்தாச்சா, என்ன துணி, அடியில் என்ன பேப்பர், நூல் பிராண்டும் நம்பரும் வரிசைப்படி, யாருக்குப் போட்டது. தைத்து முடித்ததும் போனில் ஒரு போட்டோ எடுத்து அதே பெயரில் அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். முன்னோட்டம் இல்லாத குறையும் தீர்ந்தது, வாட்ஸ்அப்பில் அனுப்ப கேட்லாக்கும் ரெடி.

ஆயிரம் டிசைனுக்கும் இப்படி எழுத முடியுமா? வேண்டாம். தைத்தவற்றுக்கு மட்டும் எழுதுங்கள். தொழிலில் பணம் தருவது அவைதான்.

மெஷினுக்குப் போகும் பென்டிரைவில் மொத்தச் சேமிப்பையும் ஏற்றாதீர்கள். ஃபைல் அதிகமானால் சில மெஷின்கள் படிக்கவே திணறும். இந்த வார ஆர்டர் மட்டும் அதில் இருக்கட்டும், முடிந்ததும் அழித்துவிடலாம்.

பேக்கப் எடுத்தீங்களா?

புகைப்படக்காரர்கள் மத்தியில் பிரபலமான 3-2-1 விதி இங்கேயும் செல்லும். மொத்தம் 3 பிரதி, 2 வெவ்வேறு வகைச் சாதனத்தில், அதில் 1 வீட்டுக்கு வெளியே. லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று. கூகுள் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி.யில் உங்கள் டிசைன் எல்லாம் ஒரு மூலையில் அடங்கிவிடும். எக்செல் ஷீட்டையும் போட்டோவையும் மறக்காமல் சேருங்கள். டிசைனைத் திரும்ப வாங்கலாம். நூல் நம்பரை எங்கும் வாங்க முடியாது.

இலவச டிசைனை விற்கலாமா?

டவுன்லோடு இலவசம் என்பதால் எல்லா உரிமையும் நமக்கு வந்துவிடாது. சில டிசைன்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும். சிலவற்றைத் தைத்து விற்கலாம். ஆனால் ஃபைலை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது. இது தளத்துக்குத் தளம் மாறும். எக்செல்லில் ‘உரிமம்’ என்று ஒரு கட்டம் சேர்த்து, ‘விற்கலாம்’, ‘சொந்தத்துக்கு’, ‘தெரியாது’ என்று எழுதி வையுங்கள். ‘தெரியாது’ என்றிருந்தால் ஆர்டருக்கு எடுக்காமல் இருப்பது நல்லது.

கலைப் படைப்புகளுக்கு 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும், பிராண்ட் சின்னங்களுக்கு 1999-ம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டமும் பாதுகாப்பு தருகின்றன. கார்ட்டூன் பொம்மைகளையும் பெரிய பிராண்ட் லோகோக்களையும் அனுமதியில்லாமல் தைத்து விற்பது சிக்கலில் கொண்டுபோய் விடலாம். பள்ளி லோகோ என்றால் பள்ளியிடமிருந்து எழுத்துப்பூர்வ ஆர்டர் வாங்கி, அதன் போட்டோவையும் அந்த ஃபோல்டரிலேயே வையுங்கள்.

ஒரே நாளில் முடிக்க வேண்டாம்

பல வருஷம் சேர்த்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்யப் பார்த்தால் சலிப்புதான் மிஞ்சும். கடந்த ஆறு மாதத்தில் தைத்த டிசைன்களில் இருந்து தொடங்குங்கள். தினம் பத்து ஃபைல். புதிதாக டவுன்லோடு செய்வதை அன்றைக்கே பெயர் மாற்றி வையுங்கள்.

சரியாகச் செய்திருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. மெஷின் பக்கமே வராத ஒருவரை, வீட்டில் தம்பியையோ மகளையோ கூப்பிட்டு, “சின்ன ஃபிரேமுக்கு மூணு நிறத்துல ஒரு மாங்காய் எடு” என்று சொல்லுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் எடுத்துவிட்டால் ஒழுங்கு வந்துவிட்டது. நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் ஆர்டர் நிற்காது.